சுண்ணாம்போடு தண்ணீரையும் எழுதுங்கள்

மண் பரிசோதனைக் கூடங்களில் நெல் வயலுக்குப் பரிந்துரை எழுதுவோர்க்கு,

வணக்கம்.

அரிசியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறாமலிருக்க "ஹெக்டேருக்கு இத்தனை டன் சுண்ணாம்பு இடவும்" என்று ஒரே வரியில் முடியும் அட்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடல். அந்த வரியில் பிழை இல்லை. அமில மண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் கார அமில நிலை (pH) உயரும், காட்மியம் மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும், வேருக்கு எட்டுவது குறையும். ஆனால் அந்த வயலில் எப்போது தண்ணீர் நிற்கும், எப்போது வடிக்கப்படும் என்று யாரும் கேட்டதே இல்லை.

மாதிரி எடுப்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஈர மண்ணை எடுத்து நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, சலித்துப் பையில் போட்டுத் தருகிறோம். நீங்கள் அளப்பது காற்றுப் பட்ட மண்ணை. பயிர் நிற்பதோ காற்றில்லாத சேற்றில். உலர்ந்த நிலையில் 5 என்று காட்டும் மண்ணில் சில வாரம் தண்ணீர் நின்றால், கார அமில நிலை பெரும்பாலும் தானாகவே 6-ஐத் தாண்டி 7 பக்கம் நகரும். கூடவே சேற்றில் உள்ள சல்பேட் சல்பைடாக மாறி, காட்மியத்தைக் கரையாத உப்பாகக் கட்டிப்போடும். ஆக, நீர் நிற்கும்வரை காட்மியத்தால் பெரிய தொல்லை இல்லை. அறுவடைக்கு வசதி என்று பால் பிடிக்கும் பருவத்திலேயே வாய்மடையைத் திறந்து வடித்துவிடுகிறோமே, வம்பு அங்கேதான். காற்றுப் புகுந்ததும் சல்பைடு சிதைந்து காட்மியம் கரைகிறது. மாங்கனீசை உறிஞ்ச வேர் வைத்திருக்கும் வாசல் வழியாகவே அதுவும் உள்ளே நுழைகிறது. சுண்ணாம்பு உண்மையில் கைகொடுக்க வேண்டிய நாட்கள் அவைதாம்.

அப்படியானால் கடைசிவரை நீர் கட்டினால் தீர்ந்ததா? தீராது, அடுத்து ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு வரும்.

ஒரு நெல் தூரைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேரின்மேல் துருப்பிடித்த ஆணிபோலச் செம்பழுப்புப் பூச்சு இருக்கும். வேர் கசியவிடும் ஆக்சிஜன் பட்டு இரும்பு படிந்த பூச்சு அது. வருகிற ஆர்சனிக்கில் ஒரு பங்கை அதுவே பிடித்து வைத்துக்கொள்கிறது. வேரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கும் சேற்றில் கதை நேரெதிர். அங்கே ஆக்சிஜன் இல்லாததால் இரும்பு ஆக்சைடுகள் கரைந்து, அவை பிடித்திருந்த ஆர்சனிக்கை விட்டுவிடுகின்றன. அது ஆர்சனைட் என்ற வடிவில், சிலிக்கான் போகும் பாதையிலேயே நெல்லுக்குள் ஏறுகிறது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவால் வயல்களில் காட்மியம் சேர்ந்து, அங்கே பரவிய 'இதாய் இதாய்' என்ற எலும்பு நோயை அந்நாட்டு அரசு 1968-இல் மாசு நோயாக ஏற்றுக்கொண்டது. கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் வயலில் நீரைத் தேக்கி வைக்கும் முறையை ஜப்பான் பின்னர் கடைப்பிடித்தது. காட்மியம் நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே முறையில் அரிசியில் ஆர்சனிக் கூடுவதையும் அவர்களே அளந்து சொன்னார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் ஆர்சனிக் இறங்கும், காட்மியம் ஏறும். தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வைத்த வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்சனிக் 0.2 மில்லிகிராம். இரண்டுக்கும் கீழே ஒரே அரிசி இருக்க வேண்டும் என்பதால், ஒன்றை மட்டும் சோதித்து எழுதும் பரிந்துரை எனக்குப் பயமூட்டுகிறது.

மற்ற மண் சீர்திருத்திகளும் இப்படித்தான். பாஸ்பேட், ஈயத்தைக் கட்டிப்போட நல்ல மருந்து. ஆனால் மண்துகளில் ஆர்சனேட் (ஆர்சனிக்கின் இன்னொரு வடிவம்) ஒட்டியிருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடும். போதாததற்கு, பல பாறை பாஸ்பேட்டுகளில் காட்மியமும் கூடவே வருகிறது. பயிர்க் கழிவைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் உயிர்க்கரி காட்மியத்தைக் குறைக்கும். நீர் நிற்கும் வயலில் சில வேளை அதே கரி ஆர்சனிக்கைக் கிளப்பிவிடுவதும் உண்டு. வைக்கோலைப் பச்சையாகச் சேற்றில் மிதித்தால் சிலிக்கான் திரும்பும் என்பது சரி. அது அழுகும்போது ஆக்சிஜனை இன்னும் தின்று ஆர்சனிக்கை அவிழ்த்துவிடும் என்பதும் சரி.

எனக்குப் பிடித்தது உமிச்சாம்பல். உமி எரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. சேற்றில் சிலிக்கான் நிறைய இருந்தால் ஆர்சனைட்டுக்கு அந்தப் பாதையில் நெருக்கடி. ஆனால் கடும் வெப்பத்தில் வெளுக்க எரித்த சாம்பல் படிகமாகி எளிதில் கரையாது. மெல்ல எரிந்த கருஞ்சாம்பல்தான் பயன். இதையெல்லாம் எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. இரும்பாலைக் கசட்டிலும் சிலிக்கானும் சுண்ணாம்பும் உண்டு. ஆனால் குரோமியம் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு காட்மியத்தை வயலைவிட்டு அகற்றுவதில்லை, அங்கேயே கட்டிவைக்கிறது. யூரியாவும் அம்மோனியம் உரங்களும் ஆண்டுக்காண்டு மண்ணை மறுபடி அமிலமாக்க, கட்டு தளரும். மொத்தக் காட்மியத்தை மட்டும் அளந்தால் சுண்ணாம்புக்கு முன்னும் பின்னும் ஒரே எண்தான் வரும், உழவர் ஏமாந்ததாக நினைப்பார். கால்சியம் குளோரைடு கரைசலில் கரைந்து வரும், வேருக்கு எட்டக்கூடிய பங்கை அளந்து காட்டுங்கள். சுண்ணாம்பை அதிகமாகக் கொட்டினால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி அல்ல. மண் பையோடு, முந்தைய அறுவடையின் ஒரு கைப்பிடி அரிசியையும் வாங்கி, காட்மியம், ஆர்சனிக் இரண்டையும் அளவிடுங்கள். எது வரம்பை நெருங்குகிறது என்று பார்த்து, கதிர் வரும் நாட்களில் நீர் நிற்கலாமா வடியலாமா என்பதைச் சுண்ணாம்பு அளவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அட்டையில் இடமில்லை என்றால் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மண் பையோடு உங்கள் வாசலில் வரிசையில் நிற்கும் ஒருவன்