கியர் எண்ணிக்கையை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கியர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பிரேம் தன் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவர் குறைவு, அதை அப்புறம் மாற்றவும் முடியாது. நானும் அப்படி வாங்கியவன்தான். டயரில் 40 பிஎஸ்ஐ காற்றை அடைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கினேன், ஈரமான வேர் ஒன்றில் முன்சக்கரம் வழுக்கி முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். இப்போது டியூப்லெஸ் டயர், காற்று 25 பிஎஸ்ஐ அளவில், பிடிப்பே வேறு. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை காற்றடைத்த சஸ்பென்ஷன் (ஏர் போர்க்) என்றால் அதிலுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, முதுகுப்பையோடு பெடலில் ஏறி நின்று, மெதுவாக இறங்கிப் பாருங்கள்: போர்க்கின் மொத்த நகர்வில் ஐந்தில் ஒரு பங்குக்கு வளையம் மேலே ஏறியிருந்தால் சரி. கல்லாக நிற்கிறதா, கொஞ்சம் காற்றைக் குறையுங்கள். ஏற்றுவதற்கு சஸ்பென்ஷனுக்கென்றே உள்ள ஷாக் பம்ப்தான் வேண்டும், டயர் பம்ப் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்