ரிமாண்டுக்கு முன் பத்து நிமிடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைதுச் செய்திகள் உங்கள் நாளிதழில் தினமும் வருகின்றன. "கைது செய்யப்பட்டு, நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்டு, சிறையில் அடைக்கப்பட்டார்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியில் இருக்கும் இரண்டு கமாக்களுக்கு நடுவில் ஓடிப் போய் நிற்பதுதான் என் வேலை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உதவி நிலை சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞராக இருக்கிறேன். கோர்ட் வளாகத்தில் இத்தனை நீளமாக யாரும் சொல்வதில்லை, லீகல் எய்டு வக்கீல் என்பார்கள், சிலர் இலவச வக்கீல் என்பார்கள். வக்கீல் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களுக்காக கிரிமினல் வழக்குகளில் ஆஜராகிறோம். முன்பெல்லாம் பேனல் வக்கீல்கள், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வெளி வக்கீல்கள், தங்கள் சொந்தக் கட்சிக்காரர்களின் வழக்குகளுக்கு இடையில் இதையும் பார்த்தார்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2022-ல் வகுத்த திட்டப்படி இப்போது எங்களுக்கு இதுவே முழுநேர வேலை, வெளியில் தனி வழக்கு எடுக்கக் கூடாது. தலைமை வழக்கறிஞருக்குக் குறைந்தது 10 வருட அனுபவம் வேண்டும், துணைத் தலைமைக்கு 7 வருடம், என்னைப் போல உதவி நிலையில் சேருகிறவர்கள் 3 வருடத்துக்குள் இருப்பவர்கள். பெரிய வழக்குகளைச் சீனியர்கள் பார்க்க, ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவது), ஜாமீன் மனு, ஜெயில் விசிட் என்று அலைச்சல் உள்ள வேலை பெரும்பாலும் எங்கள் பக்கம் வந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, விரும்பித்தான் வந்தேன். ஆனால் ஒரு விஷயத்தைப் பொதுவில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. ரிமாண்ட் இருக்கிறது, மாஜிஸ்திரேட் வீட்டுக்கு வாங்க என்றார்கள். விடுமுறை நாளில் கோர்ட் கிடையாது, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தியாக வேண்டும் என்பதால் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டி வருவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வெளியே வராந்தாவில் இரண்டு காவலர்களுக்கு நடுவில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, வேறு மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவன், வேலை நடந்த இடத்தில் செம்புக் கம்பி திருடியதாக வழக்கு. காலில் செருப்பு இல்லை. விரல் இடுக்கெல்லாம் சிமென்ட் காய்ந்து தோல் வெடித்திருந்தது. "தம்பி, நான் உனக்காக வந்திருக்கிற வக்கீல், உன்னை அடிச்சாங்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னாங்களா" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற காவலரை ஒரு முறை பார்த்துவிட்டு, "இல்ல மேடம்" என்றான். எதற்கு இல்லை என்றுகூட எனக்குப் புரியவில்லை. யாராவது சொந்தக்காரங்க போன் நம்பர் கொடுப்பா என்றேன், யாரும் இல்லை என்றான். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் அவனோடு பேசியது இரண்டு நிமிடம் இருந்தால் அதிகம், அந்த இரண்டு நிமிடமும் காவலர் ஒரு கை தூரத்தில்தான் நின்றார். என்னால் முடிந்ததை வாதாடினேன், 15 நாள் ரிமாண்ட் ஆனது.

அந்தக் காவலர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. காலையிலிருந்து ஜி.எச்.சில் மெடிக்கல் முடித்து, பேப்பர் எல்லாம் எழுதி, இருட்டுவதற்குள் ஆளை ஜெயிலில் ஒப்படைக்க வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. இரண்டு பேரும் மதியம் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

பதினோராவது நாள் ஜாமீன் கிடைத்துவிட்டது. அதோடு வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உத்தரவில் இருந்த நிபந்தனை, தலா 10 ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவு. நம் ஊர் ஜாமீன் உத்தரவுகளில் இந்த ரத்த உறவு நிபந்தனை சர்வ சாதாரணமாக வரும். குடும்பத்தோடு உள்ளூரில் இருப்பவருக்கு அது ஒரு நாள் வேலை. இவனுக்கு அது இரண்டாவது பூட்டு. ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை என்று அதையேதான் சொன்னான். அடுத்த வாரம் போனேன், அப்போதும் அதே பதில். மூன்றாவது முறை போனபோது, கைதாகி நான்கு வாரம் ஆகியிருந்தது, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடம், நீங்க அவங்க ஆளு இல்லையா?" என்று கேட்டான்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், இரண்டு சின்னக் குழந்தைகள். அவள் பேரைச் சொன்னால் போலீஸ் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கும், மாப்பிள்ளை வீட்டில் அவள் தலை நிமிர முடியாது என்று பயந்து வாயே திறக்காமல் இருந்திருக்கிறான். அரசாங்கம் அனுப்பிய வக்கீல் என்றால் அரசு வக்கீல், அரசு வக்கீல் என்றால் போலீஸ் பக்கம் வாதாடுகிறவர், இதுதான் அவன் மனசில் இருந்த கணக்கு. அவன் மேல் தப்பே இல்லை, படித்தவர்களிலேயே பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சரி, அக்கா நம்பரைச் சொல்லுப்பா என்றால், நம்பர் போனில் இருக்கிறது, போன் கைதின்போது கைப்பற்றப்பட்டு மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருட்களை எழுதும் ஆவணத்தில், எழுதப்பட்டுவிட்டது, வழக்குச் சொத்தாகக் கட்டி சீல் வைத்தாகிவிட்டது. அத்தானுக்கு அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை என்று மட்டும் ஞாபகம் வைத்திருந்தான். அந்த வட்டத்தின் சட்டப்பணிகள் குழுவில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர், அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா, விசாரித்து விசாரித்து மூன்று நாளில் அந்தக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். அக்கா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். தம்பி வேலை கிடைத்து வடக்கே எங்கேயோ போய்விட்டான் என்றுதான் அவள் இருந்திருக்கிறாள்.

ஜாமீன் நிற்கக் காட்ட வேண்டிய வீட்டு வரி ரசீது மாமனார் பெயரில் இருந்தது, வி.ஏ.ஓ. சான்றுக்குப் போனால் இன்றைக்கு வா நாளைக்கு வா, இரண்டாவது ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை. கடைசியில் நிபந்தனையை மாற்றக் கேட்டு மனு போட்டேன். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாமல் ஒருவர் உள்ளே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சொல்லியிருக்கிறது. அதைக் காட்டினேன். மாஜிஸ்திரேட் அக்கா ஒருத்தியின் ஜாமீனையே ஏற்றுக்கொண்டார். 44-வது நாள் அவன் வெளியே வந்தான். அதில் 33 நாள், ஜாமீன் உத்தரவு கையில் இருக்கும்போதே உள்ளே கழிந்த நாட்கள்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1978-ல் மோத்தி ராம் என்ற மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தும், கீழ் நீதிமன்றம் 10 ஆயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது, அவர் அண்ணன் தம்பி முறையில் ஒருவர் நிற்க வந்தபோது அவர் வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்துவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடி, ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார். அவரும் கட்டட வேலைக்காரர், இவனும் கட்டட வேலைக்காரன். அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது, 40 வருடத்துக்கு மேல் ஆகியும் அதே வேறு மாவட்டம், அதே ஜாமீன்தாரர்.

ஆனால் நான் யோசித்து யோசித்து வந்து நிற்கும் இடம் ஜாமீன்தாரர் பிரச்சினைக்கும் முன்னால் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில், காவலர் காதில் விழாத தூரத்தில், எனக்கு அவனோடு பத்து நிமிடம் கிடைத்திருந்தால், நான் யார் என்று அவனுக்கு விளங்கியிருக்கும். தம்பி, நான் போலீஸ் ஆளும் இல்லை, அரசு வக்கீலும் இல்லை, நீ சொல்வது என்னைத் தாண்டிப் போகாது என்று உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். அக்கா பேர் அன்றைக்கே வந்திருக்கும். போன் சீல் ஆவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு நம்பரை எழுதி வாங்கியிருக்கலாம். ஜாமீன் மனு போடும்போதே அக்கா கோர்ட்டில் நின்றிருப்பாள், இவன் குடும்பம் யார், இவனால் எந்த அளவுக்கு ஜாமீன் கொடுக்க முடியும் என்று நிபந்தனை எழுதும் முன்பே நீதிமன்றத்துக்குச் சொல்லியிருப்பேன்.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு கைதானவர் வக்கீலைக் கலந்துபேசும் உரிமையைத் தருகிறது. பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை தொடர்பான வழக்கில், 1980-லேயே உச்ச நீதிமன்றம், முதல் முறை ஆஜர்படுத்தும்போதே இலவச வக்கீல் தர வேண்டும், அந்த உரிமை இருப்பதை மாஜிஸ்திரேட் எடுத்துச் சொல்ல வேண்டும், பணம் இல்லை என்று மாநில அரசு தட்டிக்கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38-வது பிரிவு, விசாரணை நடக்கும்போதே வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது, 48-வது பிரிவு குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும் என்கிறது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பேப்பரைப் பார்த்தால் அன்றைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது, வக்கீல் ஆஜரானார், தகவல் சொல்ல யாரும் இல்லை என்று கைதானவரே சொன்னார் என்று இருக்கும். பேசுவதற்கு நேரமும் ஒதுக்குப்புறமான ஒரு இடமும் இல்லாமல் இந்த உரிமை எல்லாம் ஒரு கையெழுத்தோடு நின்றுவிடுகிறது.

அதனால் கேட்கிறேன். கைது செய்த உடனே காவல் நிலையத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் வர வேண்டும். ஆஜர்படுத்தப் புறப்படும்போது சொன்னால் நாங்கள் ஓடி வந்து மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கிறது. ரிமாண்டுக்கு முன் பத்து நிமிடம், காவலர் பார்க்கும் தூரத்தில் நிற்கட்டும், கேட்கும் தூரத்தில் நிற்க வேண்டாம். மாஜிஸ்திரேட்டுகள் நினைத்தால் இதை நாளைக்கே செய்யலாம். "வக்கீலிடம் தனியாகப் பேசினாயா?" என்று கைதானவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். கைப்பற்றிய போனைக் கட்டுவதற்கு முன் இரண்டு நம்பரை எழுதிக்கொள்ள விட வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்தக் காலத்தில் யாருக்கும் பெற்ற தாயின் நம்பர்கூட மனப்பாடமாகத் தெரிவதில்லை.

உங்கள் வாசகர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு அம்மா, மகன் கைதான அன்றே கம்மலை அடகு வைத்து ஒரு தனி வக்கீலுக்கு முன்பணம் கட்டிவிட்டு, அடுத்த தவணைக்கு வழியில்லாமல் மூன்று வாரம் கழித்து எங்களிடம் வந்தார். "ஏம்மா முதல்லயே வரலை" என்று கேட்டேன். "ஓசியில வர்ற வக்கீல் மனசு வச்சுப் பேசுவாங்களா கண்ணு?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. அம்மா, பேசுவோம். இதை மட்டுமே செய்கிறவர்கள் நாங்கள், வேறு கட்சிக்காரர் எங்களுக்குக் கிடையாது. காவலில் இருக்கும் யாருக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானக் கணக்கே கேட்காமல் வக்கீல் தர வேண்டும் என்று 1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. 15100 என்ற நம்பருக்கு அடித்தால் போதும், இல்லையென்றால் எந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் கை காட்டுவார்கள். கைதான அன்றே வாருங்கள். ஜாமீனுக்கு யார் நிற்பார்கள், அவர்கள் நம்பர் என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தப் பையனின் வழக்கு இன்னும் முடியவில்லை, சாட்சி விசாரணையில் இருக்கிறது. ஒரு வாய்தாவுக்குக்கூட அவன் வராமல் இருந்ததில்லை. முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் வந்து, கோர்ட் திறக்கும் முன்பே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர்