பையில் லைஃப் ஜாக்கெட் வைத்தால் விசுவாசம் குறைந்துபோகுமா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். "அவரு மீன் பிடிக்கக் கடலுக்குப் போறப்ப பையில லைஃப் ஜாக்கெட் வெச்சா, அதான் ஜெபம் பண்ணியாச்சே, அப்புறம் இது எதுக்குன்னு அத்தை கேக்குறாங்க. நம்பிக்கை இல்லாமத்தான் வெக்கிறேனா?" என்று கேட்டாய். வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை எடு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கிற உனக்கு அதற்கு வியாக்கியானமே தேவைப்படாது. பவுல் கைதியாக ரோமுக்குப் போகிறார். கிரேத்தா தீவிலேயே, "நோன்பு நாளும் கழிந்துபோயிற்று, இனி யாத்திரை ஆபத்து" என்று எச்சரிக்கிறார். அந்த நோன்பு வருவது நம் கணக்கில் புரட்டாசி, ஐப்பசி. மத்தியதரைக் கடலில் அதோடு கப்பல் ஓட்டுகிற காலம் முடிந்தது. ஆனால் கைதிகளைக் கொண்டுபோன ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதி பவுலை விட்டு, கப்பல் எஜமான் பேச்சை நம்பினான். தென்றல் மெதுவாக அடித்ததும் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்கிற கடுங்காற்று பிடித்துக்கொண்டது. தெளிந்த வானத்தைப் பார்த்து, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்புகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

தேவதூதன் வந்து, கப்பல்தான் சேதமாகும், ஒரு உயிரும் போகாது என்று வாக்குக் கொடுத்தது அதற்குப் பிறகு. கேள்வி இங்கேதான் வருகிறது. வாக்கு வந்தபின் அந்த 276 பேரும் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? பதினாலாம் இராத்திரி ஆழம் பார்க்கிற கயிறான விழுதை விட்டுப் பார்த்தார்கள். 20 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி), கொஞ்சம் தள்ளி 15 பாகம். பாறை வருகிறது என்று கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டார்கள். கப்பலாட்கள் சின்னப் படகில் நழுவப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்று சொன்னது யார்? வாக்கைக் கையில் வைத்திருந்த அதே பவுல். ஏற்கெனவே மூன்று தரம் கப்பற்சேதம் கண்டவர், ஒரு இராப்பகல் கடலில் கிடந்தவர். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள். அந்தப் பலகை இடத்தில்தான் இன்றைக்கு உன் வீட்டுக்காரரின் ஜாக்கெட் இருக்கிறது. இதை அத்தைக்கு நிதானமாக வாசித்துக் காட்டு, சண்டை வேண்டாம்.

இனி 91-ஆம் சங்கீதம். படகு ஓட்டுகிற அறையில், அதான் வீல் ஹவுஸில், அதை ஸ்டிக்கராக ஒட்டுவது தப்பில்லை. ஒட்டினாலே போதும் என்று நினைக்கும்போது அது தாயத்தாகிவிடுகிறது. பிசாசு இயேசுவிடம் எடுத்து நீட்டிய வசனமே இந்தச் சங்கீதத்தில்தான் இருக்கிறது. மத்தேயு 4:6-ஐயும் சங்கீதம் 91:11, 12-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார். "உன் வழிகளிலெல்லாம்" என்கிற வார்த்தையை அவன் விழுங்கிவிட்டான். தேவாலய உப்பரிகையிலிருந்து குதிப்பது யாருக்கும் வழி இல்லை. இயேசு உபாகமம் 6:16-ஐக் கொண்டு பதில் சொன்னார்: தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக. எச்சரிக்கைக் கூண்டு ஏறினபின் கடலுக்குப் போவதும் அந்தக் குதி போலத்தான். 1, 2-ஆம் எண் கூண்டு என்றால் ஆபத்து தூரக் கடலில். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்றுக்கு வாய்ப்பு. 8 முதல் 10 வரை பேரபாயம். பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் சாபம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற சங்கீதத்தைத் தயவுசெய்து அழித்துவிடு.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்றாய். படகு தூரம் போனதும் சிக்னல் அறுந்துவிடும், இரண்டு மணிக்குப் போனை எடுத்துப் பார்ப்பதில் பயம்தான் கூடும். போனை வேறு அறையில் வைத்துவிட்டு அந்தச் சங்கீதத்தின் 16 வசனங்களையும் வாய்விட்டு, மெதுவாக வாசி. 13 வரை மனுஷன் பேசுகிறான், 14-லிருந்து தேவனே பேசுகிறார், அங்கே கொஞ்சம் நிறுத்தி, பிறகு வாசி. 15-ல் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்றிருக்கிறது. ஆபத்தே வராது என்று சொல்லவில்லை பார். பிறகு படகின் பெயர், டிரைவர், இன்ஜின், ஐஸ் பெட்டி, கூடப் போன ஒவ்வொருவர் பெயர் எல்லாம் சொல்லி ஜெபி. சாமி கும்பிடுகிற ஆளையும் விடாதே. பவுலுக்காகக் கப்பலில் இருந்த எல்லாரையும் தேவன் தயவாகக் கொடுத்தார். பத்து நிமிஷம் போதும். திரும்பத் திரும்ப அதே பயம் வந்தால் புது ஜெபம் தேடாதே, "உம்மிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்" என்று சொல்லிப் படுத்துக்கொள்.

நம் ராயபுரம் கோவிலுக்குப் பெயர் கொடுத்த பேதுருவே படகுக்காரர். உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள் என்று எழுதினவர் (1 பேதுரு 5:7) அடுத்த வரியிலேயே தெளிந்த புத்தியாயிருங்கள், விழித்திருங்கள் என்கிறார். எருசலேம் அலங்கத்தைக் கட்டின நெகேமியாவும் அப்படித்தான், ஜெபம் பண்ணின கையோடு இரவும் பகலும் காவல் வைத்தார் (4:9).

நீ கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. எல்லாம் செய்தும் ஒருவர் திரும்பாவிட்டால்? அந்த வீட்டுப் பெண்கள் ஜெபித்தது போதவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல விடாதே. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு யாத்திரை போனவர்களையே அலை கொண்டுபோனது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றார் (லூக்கா 13:4, 5). ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளை முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரும் (தானியேல் 3:17, 18), எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்னதோடு "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகு. உடனே வாயில் வராது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் வருமானம் நிற்கும். நிவாரணத்துக்கு மனு கொடு, வட்டிக்காரரிடம் போகுமுன் சபை மூப்பரிடம் நிலைமையை உடைத்துச் சொல். அரிசி மூட்டையாக வருகிற பராமரிப்பும் அவருடையதுதான்.

ஜாக்கெட் விஷயம். அவர் எடைக்குப் பொருந்துகிறதா, வார், பூட்டு, விசில் சரியாக இருக்கிறதா என்று பார். படகில் தலையணையாக வைத்துப் படுக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஃபோம் நசுங்கினால் மிதக்கும் சக்தி குறைந்துவிடும். பைக்குள்ளே அடியில் கிடந்தாலும் பிரயோஜனம் இல்லை, கை எட்டுகிற இடத்தில் இருக்கச் சொல். கடலோரக் காவல்படையின் 1554-ஐ உன் போனிலும் போட்டு வை. வயர்லெஸ்ஸில் அபாய அழைப்புக்கு 16-ஆம் சேனல் என்று அவருக்கும் தெரியும், புதிதாக வந்த பையனுக்கும் தெரிகிறதா என்று கேட்கச் சொல். படகு திரும்பியதும் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடு.

கிறிஸ்துவுக்குள்,
அக்கா