நிலக்கரி டன்னுக்கு வாங்கிய அந்த நானூறு ரூபாய்க்குக் கணக்கு எங்கே? தாராவியிலிருந்து இரண்டு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும், சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்றத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம். நிதியமைச்சர் அம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன். மற்றவருக்கு அவர்தான் இந்தியில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான் தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் உட்கார்ந்து ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேலே தகரம், அவ்வளவுதான். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே தோல் பட்டறையில் சேர்ந்தவர். எனக்கு இருக்கிற வாடிக்கைக்காரர்கள் பெல்ட் பட்டறை, தையல் யூனிட், முறுக்கு போடுகிற வீடு, அப்புறம் பிவண்டி சாயப்பட்டறைகளுக்கு நிலக்கரி வாங்கி விற்கிற ஒரு தூத்துக்குடிக்காரர். இந்த மடல் அவரால் வந்தது.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நிலக்கரி மீதிருந்த டன்னுக்கு 400 ரூபாய் செஸ்ஸை, அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்குகிற கூடுதல் வரியை, எடுத்துவிட்டு, ஜிஎஸ்டியை 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆக்கினீர்கள். அதற்கு முன்பே செஸ் கட்டி வாங்கிய சரக்கு அவர் யார்டில் கிடந்தது. விற்கும்போது செஸ் இல்லை. வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதற்கு வைக்கிற கணக்குதான் கிரெடிட் லெட்ஜர். இப்போது கழிக்க வழியில்லாமல் அவர் கட்டிய செஸ் அதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. "இதை ஜிஎஸ்டிக்குக் கழிச்சுக்கலாமே?" என்று கேட்டார். முடியாது அண்ணாச்சி, செஸ் கிரெடிட்டை செஸ்ஸுக்கு மட்டும்தான் கழிக்கலாம், ஒரு பெயரில் வாங்கிய பணத்தை இன்னொரு பெயருக்குத் திருப்பக் கூடாது, அதுதான் சட்டம் என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் செஸ் 2010-இல் பிறந்தது. முதலில் டன்னுக்கு 50 ரூபாய். 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400. கரி எரிக்கிறவன் கட்டட்டும், அந்தப் பணத்தில் காற்றும் சூரியனும் வளரட்டும் என்பதுதான் எண்ணம். அதற்கென்று தேசிய தூய எரிசக்தி நிதி என்று தனியாக ஒன்று வைத்தீர்கள். உலகத்தில் பல நாடுகள் கார்பன் வரி என்ற பேச்சை எடுக்கவே பயந்துகொண்டிருந்த நேரத்தில் நாம் சத்தமில்லாமல் செய்த காரியம் அது. 2015-இல் பாரீஸ் காலநிலை மாநாட்டுக்கு முன் ஐ.நா.வுக்குக் கொடுத்த ஆவணத்தில்கூட, செஸ்ஸை 50-லிருந்து 200 ஆக்கினோம் என்று பெருமையாகக் காட்டினீர்கள். காட்டியதில் தப்பே இல்லை, நல்ல காரியம்தான்.

ஆனால் வரவு செலவைப் பாருங்கள். 2010-11 முதல் 2017-18 வரை வசூலானது சுமார் 86,440 கோடி ரூபாய். அதில் தூய எரிசக்தி நிதிக்குப் போனது 29,600 கோடி சொச்சம். திட்டங்களுக்குச் செலவானது 15,900 கோடி சொச்சம். அதாவது வாங்கிய ஒவ்வொரு ஐந்து ரூபாயிலும் ஒரு ரூபாய்கூட முழுசாகச் சொன்ன வேலைக்குப் போகவில்லை. காற்று, சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகிற பசுமை மின்வழித்தடத்துக்கு அந்த நிதியிலிருந்து மானியம் கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. மிச்சம்? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் செஸ்ஸின் பெயரையே மாற்றி, ஜிஎஸ்டியால் வரி வருமானம் குறைகிற மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கிற கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். கொரோனா காலத்தில் அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனுக்கும் பிறகு அதே பணம்தான் போனது. மாநிலங்களுக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் தூத்துக்குடிக்காரர் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்வதை நீங்கள் எட்டு வருஷம் செய்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது அந்தச் செஸ்ஸே இல்லை. நிலக்கரி அமைச்சகம் என்ன சொன்னது? மின்நிலையங்களுக்கு டன்னுக்குச் சராசரியாக 260 ரூபாய் சுமை குறையும், யூனிட்டுக்கு 17, 18 பைசா குறையும் என்றது. தரம் குறைந்த, சாம்பல் அதிகமான கரிக்குத்தான் சலுகை கூடுதல், ஏனென்றால் அது விலை மலிவு, சதவீதக் கணக்கில் வரியும் மலிவு. 2025 ஜூலையில்தான், அனல்மின் நிலையங்களில் ஏறக்குறைய எண்பது சதவீதத்துக்குக் கந்தக வாயுவைப் பிடிக்கிற கருவி வேண்டாம் என்று விலக்கு கொடுத்தீர்கள். 2015-இல் போட்ட விதி, தள்ளித் தள்ளி, கடைசியில் பெரும்பாலோருக்கு இல்லை என்றே ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னை ஒரு நாள் தாமதமாகப் போட்டால் 50 ரூபாய் அபராதம். பத்து வருஷத் தாமதத்துக்கு என்ன ரேட் என்று யாராவது சொன்னால் குறித்துக்கொள்வேன்.

சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 ஆக்கியதும், செஸ்ஸை எடுக்க முடிவு செய்த அதே ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மின்உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் அல்லாத வழிகளுக்கு வர வேண்டும் என்பது 2030 இலக்கு, அதை 2025-லேயே தொட்டோம், சந்தோஷம். ஆனால் திறன் வேறு, ஓடுகிற மின்சாரம் வேறு. எரிகிற பல்புகளில் ஏறக்குறைய நாலில் மூன்று இன்னும் கரியில்தான் எரிகிறது. ஊருக்குப் போகும்போது நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்ததும் ஜன்னலோரம் காற்றாலைகள் வரிசையாக வரும். ஆடிக் காற்று ஆளைத் தள்ளும், சிலது அசையாமல் நிற்கும். கோளாறு என்று நினைத்துக்கொள்வேன். லைன் தாங்காது என்று நிறுத்தி வைக்கச் சொல்வதும் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. ராஜஸ்தானில் சூரிய மின்சாரத்துக்கும் லைன் முடியாததால் இதே கதை. லைன் போடப் பணம் வேண்டும். பணம் எதற்கென்று வாங்கினோமோ அதற்கே போயிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியர் ஒருவர் வருஷத்துக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுதான் விடுகிறார், அமெரிக்கர் 14 டன் விடுகிறார், எங்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்பீர்கள். நியாயம். முழுசாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பா 2026 ஜனவரியிலிருந்து நம் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் எல்லையிலேயே கார்பன் கட்டணம் கணக்குப் பண்ண ஆரம்பித்துவிட்டது. இங்கே கார்பனுக்குக் காசு கட்டியிருந்தால் அங்கே அதைக் கழித்துக்கொள்ளலாம். கட்டவில்லை என்றால் அந்தக் காசு ஐரோப்பாவின் பெட்டிக்குப் போகும். புகையைக் குறைத்தவர் அந்தக் குறைவை மற்றவருக்கு விற்கிற கார்பன் சந்தை கொண்டுவருகிறோம் என்று 2023-இல் அறிவித்தீர்கள், சிமென்ட், அலுமினியம் எல்லாம் அதில் இருக்கிறது, அதிகமாகப் புகை விடுகிற அனல்மின் நிலையம் மட்டும் இன்னும் உள்ளே வரவில்லை. கல்யாணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டு மாப்பிள்ளையை விட்ட மாதிரி.

இதெல்லாம் தாராவிக்கு என்ன என்று கேட்கலாம். எங்கள் சந்தில் ஒரு அண்ணன் இட்லி போடுகிறார். விடிகாலை மூன்றரைக்கு அடுப்பு, ஐந்தரைக்கு சைக்கிளில் அலுமினிய டப்பாவோடு கிளம்பிவிடுவார். ஏப்ரல், மே என்றால் அந்த ஒற்றை அறையில் ஆவியும் தகரச் சூடும் சேர்ந்து, இட்லித் தட்டை எடுக்கும்போது அவர் முதுகில் பனியன் ஒட்டிக் கிடக்கும். கூரை மேல் நனைத்த சாக்கு போட்டிருக்கிறார், பத்து மணிக்கெல்லாம் காய்ந்து விறைத்துப் போகிறது. இரண்டு ஃபேன் நாள் முழுக்க ஓடுகிறது. கரண்ட் பில்லை என்னிடம் கொண்டுவந்து எஃப்.ஏ.சி. என்ற வரியில் விரலை வைத்து, "இது என்னது தம்பி?" என்றார். கரி விலை ஏறினால் உங்களிடம் வாங்குவது என்றேன். "எறங்கினா?" என்றார். அந்த 17, 18 பைசாவை அவர் பில்லில் நானும் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்குப் படவில்லை.

வீட்டுக் கூரையில் சோலார் போட 78,000 ரூபாய் வரை மானியம் என்று 2024-இல் அறிவித்தீர்களே, அதையும் கேட்டார். கூரை உங்கள் வீடாக இருக்க வேண்டும் அண்ணே என்றேன். வெயில் நேராக விழுகிற தகரக் கூரைகள் எங்கள் தலைமேல் எத்தனையோ இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குக் கையில் பத்திரம் இல்லை.

விடுகிற கார்பனும் உறிஞ்சுகிற கார்பனும் சமமாகிற நிகர பூஜ்யம் 2070-இல் என்றீர்கள். அப்போது எனக்கு 91 வயது, அதனால் அதைப் பற்றி இப்போது சண்டை வேண்டாம். நான் கேட்பது பழைய கணக்கு. 2010 முதல் 2025 வரை நிலக்கரி செஸ்ஸாக ஒவ்வொரு வருஷமும் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒரே தாளில் பொதுமக்களுக்குக் கொடுங்கள். நாடு இப்போது வருஷத்துக்கு 100 கோடி டன் கரி வெட்டுகிறது. டன்னுக்கு 400 என்றால் 40,000 கோடி ரூபாய். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், இந்த முறை வேறு கணக்குக்குத் திருப்ப முடியாதபடி, எங்கள் செஸ் லெட்ஜருக்குப் போட்டிருக்கிற அதே பூட்டைப் போட்டு. மின்வழித்தடத்துக்கு ஒரு பங்கு, சுரங்கம் மூடினால் வேலை போகிறவர்களுக்கு ஒரு பங்கு, பத்திரம் இல்லாத கூரைகளுக்கும் ஒரு பங்கு. முடிந்தால் என் தூத்துக்குடிக்காரர் லெட்ஜரில் மாட்டிக்கொண்டிருப்பதையும் விட்டுக்கொடுங்கள், ஒவ்வொரு மாதமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

20-ஆம் தேதிக்குள் ஏழு பேருக்கு 3பி போட வேண்டியிருக்கிறது, ஜிஎஸ்டி சைட் வேறு காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஒரு கணக்கு எழுதுகிறவன்