ரசிகர்கள் வந்தார்கள், இரண்டாவது படம் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்த செலவில் எடுக்கப்படும் திகில் படங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தைக் குறிப்பிட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், நல்ல படம் எப்படியும் ஒருநாள் தன் ரசிகர்களைக் கண்டுகொள்ளும் என்று முடித்திருந்தீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தப் படத்துக்கு நடந்தது அவ்வளவு ஆறுதலான கதை இல்லை.

அதை இயக்கிய ஹெர்க் ஹார்வி, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில், கல்விப் படங்களும் தொழில்துறைப் படங்களும் எடுத்துவந்த சென்ட்ரான் நிறுவனத்தில் பட இயக்குநராக இருந்தார். காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த சால்ட்ஏர் கேளிக்கை மண்டபம் அவர் கண்ணில் பட்டது. கூட வேலை பார்த்த ஜான் கிளிஃபோர்டைக் கதை எழுதச் சொன்னார். உள்ளூர்க்காரர்களிடம் பணம் திரட்டி, வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மூன்றே வாரத்தில் படப்பிடிப்பை முடித்தார். மொத்தச் செலவு சுமார் 33,000 டாலர். நாயகியைத் தொடர்ந்து வரும் வெளிறிய முகத்து மனிதராக நடித்ததும் அவரேதான்.

பணப் பற்றாக்குறை அந்தப் படத்தை எங்கேயும் இளைக்க வைக்கவில்லை. துணிக்கடையில் ஒரு காட்சி வரும். நாயகி பேசுகிறாள், யாருக்கும் கேட்கவில்லை. எதிரே நிற்பவர்களுக்கு அவள் இருப்பதே தெரியவில்லை. சுற்றுப்புற ஓசை முழுக்க அடங்கிவிடுகிறது. ரத்தமில்லை, அலறலில்லை, ஆனாலும் வயிறு கலங்குகிறது. அவள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள் என்பதால் ஜீன் மூரின் ஆர்கன் இசை வெளியிலிருந்து ஒட்டவைத்ததுபோல இல்லாமல் அவள் மனசுக்குள்ளிருந்தே வருகிறது. நாயகியாக நடித்த கேண்டஸ் ஹில்லிகாஸின் அகன்ற கண்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

சரி, 1962இல் இதற்குக் கிடைத்த வரவேற்பு என்ன? சில நிமிடங்களை வெட்டி, இன்னொரு படத்தோடு ஜோடி சேர்த்துத் திரையிட்டார்கள். வினியோக நிறுவனம் திவாலானது. போட்ட பணம் ஒழுங்காகத் திரும்பவில்லை. பிரதிகளில் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாததால் படம் யாரும் அனுமதி கேட்காமல் திரையிடக்கூடிய பொதுச் சொத்தாகிவிட்டது, டிவி நிலையங்கள் நள்ளிரவில் ஓட்டின. அப்படிப் பார்த்தவர்கள்தான் அதை மறக்காமல் வைத்திருந்தார்கள். 1989இல் மீண்டும் தியேட்டருக்கு வந்தபோதுதான் விமர்சகர்களின் பாராட்டு குவிந்தது.

அப்போது ஹார்விக்கு 65 வயது. அதற்கு முன்னும் பின்னும் அவர் வேறு முழுநீளக் கதைப்படம் இயக்கவில்லை. 1996இல் காலமானார். படம் ரசிகர்களைக் கண்டுகொண்டது உண்மைதான். ஆனால் அவர் எடுத்திருக்கக்கூடிய அடுத்த படங்கள் நமக்குக் கிடைக்காமலே போயின. அந்த இழப்பு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாதது எனக்கு வருத்தம்.

அதனால் ஒரு கோரிக்கை. சின்னத் திகில் படங்களுக்கு உங்கள் விமர்சனப் பக்கத்தில் படம் ஓடும் வாரத்திலேயே இடம் கொடுங்கள். 'பட்ஜெட்டுக்குப் பரவாயில்லை' என்ற சலுகையும் வேண்டாம். நன்றாக இல்லையென்றால், எந்தக் காட்சியில் ஏன் தவறியது என்று அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவில்பட்டி