அடி விழுந்த காரணம் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாத்திரம் ஏற்று, அதை வளர்த்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களைப் (ஆர்பிஜி) பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கதை, இசை பற்றிய பகுதிகள் அருமை. ஆனால் சண்டை முறை பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. ஆளுக்கொரு டர்னாக அடித்துக்கொள்வது பழைய ஹார்டுவேரால் முடியாமல் வந்த ஏற்பாடு என்றும், இன்றைய கன்சோல்களில் நேரடி ஆக்‌ஷன்தான் முன்னேற்றம் என்றும் கட்டுரை முடிவு கட்டிவிட்டது. டர்னா ஆக்‌ஷனா என்ற கேள்வியே என்னைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம். வாங்கிய அடிக்கும் தவறிய அடிக்கும் காரணம் ஆடுபவருக்குப் புரிய வேண்டும். புரிந்தபின் அடுத்த முறை வேறு விதமாகச் செய்து பார்க்க கேம் இடம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் எந்த முறையும் நல்ல முறைதான்.

முதலில் அந்த ஹார்டுவேர் விஷயம். டர்ன் முறை வந்தது மேஜையிலிருந்து. 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பகடையும் காகிதமும் வைத்து ஆடியது. 'டிராகன் குவெஸ்ட்' அதைச் சுருக்கி 1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்குக் கொண்டுவந்தது. அதே ஃபேமிகாமில், டிஸ்க் இணைப்போடு, மூன்று மாதம் முன்னதாகவே 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' வந்துவிட்டது. அதில் நேரடியாக ஓடி ஓடி வாள் வீசலாம். ஆக, ஆக்‌ஷன் அந்தப் பெட்டியால் முடியாத காரியமாக இருக்கவில்லை. டர்ன் வேண்டும் என்று தெரிந்தேதான் வைத்தார்கள். சதுரங்கத்தை யாரும் தொழில்நுட்பம் போதாமல் வந்த விளையாட்டு என்று சொல்வதில்லை.

டர்ன் சண்டை என்றால் 'அட்டாக்' பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பது என்று நினைப்பவர்கள் 2003இல் வந்த 'ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன்' கேமை ஒரு முறை ஆடிப் பார்க்கலாம். நால்வர் கொண்ட நம் அணிக்கு (பார்ட்டி) ஒரு டர்னுக்குத் திரையில் நான்கு ஐகான்கள், ஒரு செயலுக்கு ஓர் ஐகான் செலவு. எதிரியின் பலவீனத்தில் அடித்தாலோ கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழுந்தாலோ அரை ஐகான்தான் போகும். அப்படியே சரியாகப் போனால் நான்கு ஐகானில் எட்டுச் செயல்கள் வரை செய்யலாம். அடி தவறினாலோ, எதிரிக்கு அந்த வகைத் தாக்குதல் ஏறாவிட்டாலோ இரண்டு ஐகான் காலி. எதிரி அதை உறிஞ்சினாலோ திருப்பி அடித்தாலோ மிச்சமிருக்கும் எல்லாமே போய்விடும். இந்த விதி எதிரிக்கும் அப்படியே பொருந்தும். நெருப்புக்குப் பலவீனமான ஒருவரைப் பார்ட்டியில் வைத்துக்கொண்டு நெருப்பு எதிரியிடம் போனால், அவனுக்கு இலவச டர்னை நாமே கொடுக்கிறோம்.

இந்த கேமில் பலரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் மேடடோர் என்ற எதிரி. அவன் 'ரெட் கபோட்' என்ற வித்தையைப் போட்டதும் அவனுடைய தவிர்க்கும் திறன் உச்சத்துக்குப் போகிறது. நம் அடி இரண்டு தவறினால் நான்கு ஐகானும் தீர்ந்து, டர்னே முடிந்துவிடும். தோற்றவர்கள் பெரும்பாலும் இன்னும் ஐந்து லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று கிளம்புகிறார்கள். லெவல் கொஞ்சம்தான் உதவும். உண்மையில் தேவைப்படுவது, எதிரியின் தவிர்க்கும் திறனைக் குறைக்கும் 'சுக்குண்டா' தெரிந்த ஓர் ஆள், காற்றுத் தாக்குதலைத் தடுக்கும் மகதாமா (நாயகன் ஏற்கும் சக்திப் பொருள்), நம் பக்கம் ஆடும் பேய்களில் காற்றுக்குப் பலவீனமானவற்றை வெளியே நிறுத்துவது. தயாரிப்பை மாற்றினால் அதே லெவலில் அதே சண்டை வெல்லும் சண்டையாகிவிடுகிறது. தோல்விக்கான காரணம் திரையிலேயே இருந்தது, ஐகான்கள் கண்ணெதிரே மறைந்தன. இதைவிட நேர்மையான சண்டையை நான் அதிகம் கண்டதில்லை.

'ஃபைனல் ஃபேன்டஸி 10' (2001) அடுத்து யார் டர்ன் என்பதைத் திரை ஓரத்தில் வரிசையாகக் காட்டுகிறது. ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அது வரிசையை எப்படி மாற்றும் என்று பார்த்துக்கொள்ளலாம். சண்டையின் நடுவே ஆளை மாற்றினாலும் டர்ன் வீணாவதில்லை. பறக்கும் எதிரிக்கு வாக்கா, கவசம் பூண்டவனுக்கு ஆரோன், மந்திரம் மட்டுமே ஏறும் எதிரிக்கு லூலு என்று வந்து அடித்துவிட்டுப் போகலாம். குறையும் உண்டு. அனுபவப் புள்ளி அந்தச் சண்டையில் ஒரு டர்னாவது எடுத்தவருக்குத்தான். அதனால் ஒவ்வொரு சண்டையிலும் ஏழு பேரையும் ஒப்புக்கு உள்ளே இழுத்து, 'டிஃபெண்ட்' கொடுத்து, வெளியே அனுப்பும் சலிப்பான பழக்கம் வந்துவிடுகிறது. வெளியே நிற்பவருக்கும் பாதிப் புள்ளியாவது கொடுத்திருக்கலாம்.

அடுத்தது பகடைக் கேம்கள். '90 சதவீதம் என்று காட்டிவிட்டு அடி தவறுகிறது, கேம் ஏமாற்றுகிறது' என்ற புலம்பல் எங்கும் கேட்கிறது. 90 சதவீதம் என்றால் பத்தில் ஒன்று தவறும், நீண்ட கேமில் இரண்டு அடுத்தடுத்தும் தவறும். உண்மையில் ஏமாற்றும் கேம்கள் நம் மனம் குளிர ஏமாற்றுகின்றன. 'ஃபயர் எம்ப்ளம்' வரிசையில் 2002இல் வந்த 'தி பைண்டிங் பிளேட்' முதல் பல கேம்கள் இரண்டு எண்களை உருட்டி அவற்றின் சராசரியை எடுத்துக்கொண்டன. அங்கே திரையில் 90 என்றால் உண்மை வாய்ப்பு ஏறக்குறைய 98, திரையில் 25 என்றால் ஏறக்குறைய 13தான். ஆடச் சுகமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எண்ணைக் காட்டினால் உண்மையான எண்ணைக் காட்ட வேண்டும்.

'பால்டர்ஸ் கேட் 3' (2023) இதில் எவ்வளவோ மேல். எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 16, நம் வில்லாளியின் போனஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். 20 பக்கப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், வாய்ப்பு 50 சதவீதம். மேட்டில் ஏறி நின்றால் கூடுதலாக 2, வாய்ப்பு 60. 'அட்வான்டேஜ்' கிடைத்தால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கலாம், வாய்ப்பு 75. எதிரி ஒட்டி வந்து நின்றுகொண்டால் இதுவே தலைகீழாகி 25க்கு விழுந்துவிடும். பலர் இந்த இடத்தில் வில்லாளியை அப்படியே நிற்கவைத்து அம்பு விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனஸ் ஆக்‌ஷனில் (டர்னில் கிடைக்கும் கூடுதல் சிறு செயல்) எதிரியைத் தள்ளிவிட்டு, பிறகு எய்ய வேண்டும். எழுந்து ஓடினால் போகிற போக்கில் ஒரு அடி விழும்.

'பிளெஸ்' மந்திரமும் அப்படித்தான். மூன்று பேருடைய ஒவ்வொரு தாக்குதலிலும் ஒரு நான்கு பக்கப் பகடை சேரும். சராசரி 2.5, அதாவது 12.5 சதவீதம் கூடுதல் வாய்ப்பு. முதல் நிலை மந்திரத்துக்கு இது பெரிய லாபம். ஆனால் போட்டவரின் கவனம் கலைந்தால் மூவருக்கும் போய்விடும். அவர் அடி வாங்கும்போதெல்லாம் 10 அல்லது வாங்கிய டேமேஜில் (சேதம்) பாதி, இதில் எது அதிகமோ அந்த அளவாவது உருட்ட வேண்டும். பிளெஸ் போட்ட கிளெரிக்கை (பூசாரி வகைப் பாத்திரம்) வாளோடு முன்வரிசைக்கு அனுப்பினால், இரண்டாவது டர்னில் பிளெஸ் எங்கே என்று தேட வேண்டியதுதான். கேம்மீது குற்றம் சொல்லும் முன் காம்பாட் லாகை (சண்டைக் குறிப்பேடு) திறந்து பார்க்கலாம், ஒவ்வொரு உருட்டலும் அங்கே இருக்கிறது. 'கார்மிக் டைஸ்' என்று, தொடர் தோல்விகள் விழாமல் தடுக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு. கேம் தொடங்கும்போதே அது ஆன் ஆகியிருக்கும். சுத்தமான பகடை வேண்டுபவர்கள் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடலாம்.

ஆக்‌ஷன் பக்கமும் இதே கணக்குதான். 'எல்டன் ரிங்' (2022) என்றாலே கைவேகம் என்று கட்டுரை சொன்னது. அந்த கேமில் முதலில் பார்க்க வேண்டியது சுமக்கும் எடை. 70 சதவீதத்தைத் தாண்டினால் அடியிலிருந்து தப்ப உருளும் உருளல் கனத்துவிடும், எவ்வளவு வேகமான விரலும் காப்பாற்றாது. ஒரே ஒரு கையுறையைக் கழற்றி 69க்கு வந்தால் போதும், அதே பாஸ் (பெரிய எதிரி) தவிர்க்கக்கூடியவனாகிவிடுவான். பெரிய வாளுக்கு 24 ஸ்ட்ரென்த் (பலம்) கேட்டால் 16 இருந்தாலே சமாளிக்கலாம். இரண்டு கையாலும் பிடித்தால் ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். உயிர் அளவைக் கூட்டும் விகர் 40 ஆகும் முன்பே எல்லாப் புள்ளிகளையும் டேமேஜில் கொட்டிவிட்டு, ஒரே அடியில் சாகிறேன் என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம். மார்கிட் என்ற பாஸ் கோலை ஓங்கி, ஒரு கணம் காற்றிலேயே நிறுத்தி, பிறகுதான் இறக்குகிறான். ஓங்கியதுமே உருண்டால், உருளல் முடிந்து எழும் நேரத்தில் கோல் தலையில் விழும். இறங்கும் கணத்தைப் பார்த்து உருள வேண்டும். அவன் காத்திருப்பதும் டர்ன் மாதிரிதான், கடிகாரம் மட்டும் நிற்பதில்லை.

'டயாப்லோ 2'ஐ (2000) ஓயாமல் கிளிக் செய்யும் கேம் என்பார்கள். விரிவாக்கத் தொகுப்போடு ஆடும்போது ஹெல் கடினநிலையில் எல்லா ரெசிஸ்டன்ஸிலும் (தாக்குதலைத் தாங்கும் சதவீதம்) 100 கழிக்கப்படுகிறது. நார்மலில் சரியாக 75 வைத்திருந்தவர் அங்கே மைனஸ் 25இல் நிற்கிறார். நூறு டேமேஜில் 25 வாங்கியவர் இப்போது 125 வாங்குகிறார், அதாவது ஐந்து மடங்கு. இதைக் கவனிக்காதவர் கேம் திடீரென்று அநியாயமாகிவிட்டது என்றே நினைப்பார்.

சண்டையை உண்மையில் கெடுப்பது எதிரியின் ஹெச்பியை (உயிர் அளவு) ஊதிப் பெருக்கிவிட்டு அதைக் கடினம் என்று பெயர் சூட்டி விற்பது. 2006இல் வந்த 'ஆப்லிவியன்' எனக்கு மிகவும் பிடித்த உலகம். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் லெவல் ஏற ஏற எதிரிகளும் ஏறுகிறார்கள். வழிப்பறிக் கொள்ளையன்கூட ஒரு கட்டத்தில் கிளாஸ் ஆர்மர் போட்டுக்கொண்டு வருகிறான். லெவல் ஏறுவதோ நாம் தொடக்கத்தில் தேர்ந்த மேஜர் ஸ்கில்களில் மொத்தம் பத்து உயர்வுக்கு ஒரு முறை. பேச்சுத் திறன், வியாபாரத் திறன் போன்றவற்றை மேஜராக வைத்தவர், வாள் கொஞ்சமும் பழகாமலே லெவல் ஏறிவிடுவார். எதிரிகள் மட்டும் வலுப்பார்கள். பலம், வேகம் போன்ற ஒரு பண்புக்கு முழு ஐந்து புள்ளி கிடைக்க அதைச் சேர்ந்த ஸ்கில்கள் அந்த லெவலுக்குள் பத்து முறை உயர்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் தாளில் குறித்துவைத்து ஆட வேண்டியதாயிற்று. முன்னேறினால் பலவீனமாகும் ஆர்பிஜி, தன் வகைக்கே முரணாக நடக்கிறது.

ஒரே மாதிரிச் சண்டைகள் குவிவதும் இதற்கு நிகரான குறை. 'எர்த்பவுண்ட்' 1994இலேயே வழி காட்டியது: நம்மைவிட மிக பலவீனமான எதிரி மோதினால் சண்டைத் திரையே வராமல் வெற்றியும் அனுபவப் புள்ளியும் கிடைத்துவிடும். 'பிரேவ்லி டிஃபால்ட்' எதிரிகள் வரும் விகிதத்தையே பூஜ்யம் வரை குறைக்க விட்டது. இவ்வளவு எளிய வசதியைப் பல கேம்கள் இன்னும் எடுத்துக்கொள்ளாதது வருத்தம்.

'ஃபைனல் ஃபேன்டஸி 12'இன் (2006) காம்பிட் முறைக்கும் ஒரு பத்தி தேவை. 'கேம் தானாகவே ஆடுகிறது' என்று அதைத் தள்ளிவிடுகிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்று மேலிருந்து கீழாக வரிசையாக விதிகளை எழுதுகிறோம், பொருந்தும் முதல் விதி நடக்கும். 'எதிரி தென்பட்டால் அடி' என்பதை மேலே வைத்து, 'கூட்டாளியின் ஹெச்பி பாதிக்குக் கீழே போனால் க்யூர்' என்பதைக் கீழே வைத்தால், எதிரி இருக்கும்வரை யாருக்கும் மருந்து கிடைக்காது. விழுந்தவரை எழுப்புவது, காயம் ஆற்றுவது, நிலைக்கோளாறு நீக்குவது, கடைசியாக அடிப்பது என்பதே வேலை செய்யும் வரிசை. 'ஹெச்பி 100 சதவீதம் உள்ள எதிரியிடம் திருடு' என்ற விதி அழகானது. ஆனால் பக்கத்தில் நிற்பவர் ஓர் அடி கொடுத்துவிட்டால் அந்த எதிரியிடம் அது அதோடு சரி. திருடுபவர் மட்டும் முதலில் போகும்படி மற்றவர்களின் விதிகளையும் திருத்த வேண்டும். தோற்றால் விதியில்தான் பிழை, அதை நாமே திருத்தலாம். ஆடுபவரை இவ்வளவு மதிக்கும் முறை அபூர்வம்.

இரண்டையும் கலக்கும் முயற்சிகளில் 2025இல் வந்த 'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' முக்கியமானது. டர்ன் முறைதான், ஆனால் எதிரியின் டர்னில் டாட்ஜ் (விலகல்) அல்லது பேரி (தடுத்தல்) செய்யலாம். டாட்ஜுக்கு நேர அவகாசம் அதிகம். பேரிக்குக் குறைவு, ஆனால் செயல் புள்ளி கிடைக்கும், எல்லா அடியையும் தடுத்தால் பதிலடியும் உண்டு. ஒரு புதிய எதிரியிடம் முதலில் டாட்ஜ் செய்து தாளத்தைப் பழகிக்கொண்டு பேரிக்கு மாறுவதே சரி. என் ஒரே தயக்கம், எல்லாவற்றையும் பேரி செய்பவருக்கு டிஃபென்ஸ் என்ற எண்ணே தேவையற்றுப் போவதுதான்.

தங்கள் இதழில் கேம் விமர்சனம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சண்டை விறுவிறுப்பு' என்ற ஒற்றை வரி வாங்கப்போகிறவருக்கு உதவாது. கடினநிலையைக் கூட்டினால் எதிரியின் புத்தி மாறுகிறதா, ஹெச்பி மட்டும் கூடுகிறதா என்று எழுதுங்கள். டர்ன் வரிசையும் வெற்றி வாய்ப்பும் திரையில் தெரிகின்றனவா என்று எழுதுங்கள். தவறாகக் கட்டிய பாத்திரத்தை மாற்றியமைக்க என்ன செலவு என்பதும் முக்கியம். 'பால்டர்ஸ் கேட் 3'இல் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொற்காசு கொடுத்தால் போதும், 'எல்டன் ரிங்'கில் ரெனாலா என்ற பாஸை வென்றபின் ஒவ்வொரு முறைக்கும் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைத் தேட வேண்டும். முதல் பத்து மணி நேரத்தோடு விமர்சனத்தை முடித்துவிடாமல், நடுப்பகுதியில் சண்டைகள் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்தால் நன்றாக இருக்கும். ஊதிய ஹெச்பி அங்கேதான் வெளியே தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்