வயிற்றுப்புண் மாத்திரை

திருப்பாதிரிப்புலியூர்,
தை 6.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. நாங்கள் அனுப்பிய முந்திரிப்பருப்பு கிடைத்ததா என்று நீ இன்னும் சொல்லவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள். பொங்கலுக்கு நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, உன் வேலை அப்படி. உன் வேலையைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தபின் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். வேளைக்குச் சாப்பிடு. இரவில் நேரத்தோடு படு.

ஆடியில் வந்திருந்தபோது விடியற்காலையில் மொட்டைமாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய். மூச்சைக் கவனிப்பதாகச் சொன்னாய். 'இந்த வயதில் என்ன சாமியார் வேலை' என்று மாப்பிள்ளை முன்னால் நான் சிரித்தேன். நீ பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். அன்றிலிருந்து உன் பேச்சு 'சரிப்பா' என்பதோடு முடிந்துவிடுகிறது. வேளைக்குச் சாப்பிடு என்று மறுபடியும் எழுத வருகிறது. நான் சொல்ல வேண்டியது அதுவல்ல.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, பண்ருட்டிக் கொல்லையில் உன் தாத்தா வைத்த பலாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கணக்கெடுக்க வந்தவர் எத்தனை மரம் என்று கேட்டதற்கு எனக்கு வாய் எழவில்லை, அம்மாதான் சொன்னாள். அதன் பிறகு மாதக்கணக்கில் நான் தூங்கவில்லை, கொல்லைப் பக்கமும் போகவில்லை. குளித்துவிட்டு வரச் சொன்ன உன்னை அடித்தேன். அப்பாவுக்கு வயிற்றுப்புண் என்று உங்கள் இருவரிடமும் சொன்னோமே, அது வயிற்றுப்புண் இல்லை. கடலூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நான் பயந்ததால் அம்மா என்னைப் புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் கொடுத்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வேறொரு டப்பாவில் போட்டு, பதினான்கு மாதம் உங்கள் கண்ணெதிரிலேயே விழுங்கினேன். மெல்லத் தூக்கம் வந்தது, பசியும் வந்தது. மூச்சைக் கவனிக்கச் சொல்லி அவரும் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் எனக்குக் கடன் கணக்கு வந்துவிடும். ஆகவே புதிதாக நட்ட பலாக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் குடங்களை எண்ணினேன். அதுவும் தியானம்தான் என்றார், என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரோ என்னவோ. அப்படிப் பிழைத்து வந்தவன்தான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

இந்த ஊர்ச் சமண மடத்தில் தலைவராக இருந்த அப்பர், சூலை என்ற வயிற்றுவலி தாங்க முடியாமல் திருவதிகையில் இருந்த அக்காவுக்கு ஆள் அனுப்பியதையும், அங்கே வரமாட்டேன் என்று திலகவதியார் மறுத்ததும் இரவோடு இரவாக அவரே புறப்பட்டுப் போனதையும் உனக்கு நூறு முறை சொல்லியிருப்பேன். கல் மிதந்ததைத்தான் நீட்டிச் சொல்வேன். வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில் நான் நின்றதே இல்லை.

என்னிடம் சொல்ல முடியாவிட்டால் உன் அக்காவிடம் சொல். அவளிடமும் முடியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன். வெளியே உட்கார்ந்திருப்பேன், எதையும் கேட்க மாட்டேன்.

இரவு பத்து மணிக்கு மேல் அம்மா தூங்கிவிடுவாள், நான் விழித்திருப்பேன். முந்திரிப்பருப்பு வந்தது என்று சொல்வதற்காகவாவது கூப்பிடு.

இப்படிக்கு,
அப்பா